கொட்டகையில் பிறந்த மார்க்கங்கள்

2001-ஆம் ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடிக்கணக்கு எடுத்தபோது, மதம் யாது எனும் வினாவும் படிவத்தில் இடம் பெற்றிருந்தது. விரும்பினோர் விடை எழுதலாம், கட்டாயமில்லை. அவ்வினாவுக்கு 3,90,127 பேர் எழுதிய விடை 'ஜெடை' என்பதாகும். நபிமார் எவரும் கொணராத மார்க்கம் இது. மூதாதையர் எவரும் கேட்டறியாத பெயர் இது. 1977-இல் அமெரிக்கரான ஜார்ஜ் லூக்கஸ் இயக்கி வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' எனும் விண்வெளித் திரைப்படத்தில் ஒளிவாள் ஏந்திப் போர் புரியும் வீரர்களின் பெயரே அஃது!

அவர்களுள் பலர் வேடிக்கைக்காகவே அவ்வாறு எழுதினர் என்பதை மறுப்பதற்கில்லை. மின்னஞ்சல் வழியே பரவிய ஓர் அழைப்பே அதற்குத் தூண்டுகோல். கணக்கெடுத்தோரும் அவர்களை 'மதம் இல்லாதோர்' தொகையிலேயே சேர்த்தனர். 2011-இல் அவ்வெண்ணிக்கை 1,76,632 ஆயிற்று. 2021-இல் ஏறத்தாழ 1,600 ஆகச் சுருங்கிற்று. இருபது ஆண்டுகளில் நூற்றில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை.

"பொய் நிலைக்காது, பார்த்தீர்களா?" என்று நகைத்துவிட்டு அடுத்த பக்கம் புரட்ட எண்ணும் அன்பர்கள் சற்றே பொறுக்க வேண்டும். வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்து போயினர். மெய்யாகவே நம்புவோர் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் சங்கம் அமைத்துத் தியானம் பயில்கின்றனர். "நாங்கள் கதையைத் தொழவில்லை; கதை சுட்டிக் காட்டும் பேராற்றலையே நம்புகிறோம்" என்பது அவர்தம் வாதம். வாதத்துக்கு நகைப்பு விடையாகாது.

இவர்களுக்கு முன்னோடிகளும் உண்டு. 1961-இல் ராபர்ட் ஹைன்லைன் எனும் அமெரிக்கர் ஒரு நாவல் எழுதினார். செவ்வாய்க் கோளில் வளர்ந்த மனிதன் ஒருவன் பூமிக்கு வந்து ஒரு திருச்சபை அமைப்பதாகக் கதை. மறு ஆண்டே கல்லூரி மாணவர் இருவர், அந்நாவலில் உள்ளபடி நீரைப் பகிர்ந்து பருகி, ஒரு சகோதரத்துவம் தொடங்கினர். கதையில் வரும் சபையின் பெயரையே அதற்கும் சூட்டினர். பின்னர் அது பூமியைத் தேவியாகப் போற்றும் புதுப் பேகன் இயக்கமாயிற்று. மனிதரை மனிதர் தெய்வமென விளிப்பது அவர்தம் வழக்கம். 1970-இல் அமெரிக்க வரித்துறை அதனை மத நிறுவனமாக ஏற்றுக்கொண்டது.

இனி விடைக்கு வருவோம். இறைத்தூதர் என்று ஒருவர் எழுந்தால், அவர் கூறுவது மெய்யா பொய்யா என்று உலகம் கேட்கும். அந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே அவர் ஈடாக வைக்கிறார். கதாசிரியருக்கு அத்தகைய ஈடு எதுவும் இல்லை. கற்பனை என்று சொல்லியே அவர் விற்கிறார். விற்றவர் கற்பனை என்றதை வாங்கியவர் வேதம் என்றால், ஏமாற்றியது யார், ஏமாந்தது யார்? லூக்கஸ் 1999-இல் பில் மோயர்ஸுக்கு அளித்த பேட்டியில், இளைஞர் உள்ளத்தில் இறைவனைப் பற்றிய சிந்தனையைத் தூண்டவே பேராற்றலைப் படத்தில் சேர்த்ததாகக் கூறினார். ஊருக்கு வழி காட்டும் பலகையை அவர் நட்டார். இவர்களோ பலகையடியிலேயே குடியேறி, இதுவே ஊர் என்கின்றனர்.

அப்பேராற்றலின் தன்மையைத்தான் பாருங்கள்! அது நல்லவன் கைக்கும் தீயவன் கைக்கும் ஒன்றுபோல் ஏவல் செய்கிறது. ஏவுவதுமில்லை, விலக்குவதுமில்லை, கணக்குக் கேட்பதுமில்லை. மின்சாரத்தைப் போன்றது அது. மின்சாரத்தால் விளக்கேற்றலாம், நள்ளிரவில் அதனிடம் அழுது முறையிட முடியுமா? அநீதி இழைக்கப்பட்ட ஏழைக்கு அது நீதி வழங்குமா? போதாக்குறைக்கு, 1999-இல் வந்த அவ்வரிசையின் மற்றொரு படத்தில், ஒருவன் குருதியிலுள்ள நுண்ணுயிர்களை எண்ணி, பேராற்றலை உணரும் தகுதி அவனுக்கு எவ்வளவு என்று அளந்து சொல்கின்றனர். ஆன்மிகத் தகுதியைக் குருதியில் எண்ணும் கொள்கையா இந்நூற்றாண்டின் புதுமை? குலப்பெருமையைக் காலடியில் இட்டு மிதித்த மார்க்கத்தைச் சேர்ந்த நாம் இதனை எவ்வாறு வாளாவிருந்து கேட்பது?

அன்பு, அடக்கம், தியானம் ஆகியவையே எங்கள் நெறி என்பாரும் உளர். நன்று. அவை கீழ்த்திசைச் சமயங்கள் பலநூறு ஆண்டுகள் நோற்றுப் பெற்ற செல்வம். நோன்பை விட்டுவிட்டு அதன் நறுமணத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில் என்ன பெருமை? 2016-இல் ஜெடைக் கோயில் ஒன்று அறநிறுவனப் பதிவு கேட்டபோது, மதத்துக்குரிய கட்டுக்கோப்பு அதனிடம் இல்லையெனக் கூறி இங்கிலாந்தின் அறநிலைய ஆணையம் மறுத்தது. அத்தீர்ப்பை நாம் ஆதாரமாகக் கொள்ளவில்லை. மக்கத்து முதல் முஸ்லிம்களுக்கும் எந்த அலுவலகமும் பதிவுச் சீட்டு வழங்கவில்லையே! நாம் கேட்பது வேறு: உம் மார்க்கம் உம்மிடம் எதைக் கேட்கிறது? வைகறை உறக்கத்தையா? பசியையா? பொருளில் ஏழையின் பங்கையா? எதையும் கேளாத மார்க்கத்தை விட்டு நீங்கவும் எந்தக் காரணமும் தேவைப்படாது. சுருங்கிய அந்த எண்ணிக்கையே இதற்குச் சான்று.

ஆயினும் அவ்விளைஞரின் தாகம் பொய்யன்று. விண்மீனை நோக்கி வினவிய முதல் இளைஞர் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் அல்லவா? விண்மீன் மறைந்தது, நிலவு மறைந்தது, கதிரவனும் மறைந்தது. மறைவன எவற்றிலும் நில்லாது, அவற்றைப் படைத்தவனிடம் அவர்கள் சென்று சேர்ந்தார்கள். வினவியது குற்றமாகவில்லை, பாதி வழியில் நிற்காததே அவர்கள் பெற்ற பேறு.

நம் வீட்டுப் பிள்ளையும் ஓரிரவு மொட்டை மாடியில் நின்று, "வாப்பா, அந்த விண்மீன்களுக்கு அப்பால் யார் இருக்கிறார்?" என்று கேட்பான். "வாயை மூடு, போய் ஓது" என்று அதட்டும் தந்தையர் நம்மிடையே இல்லையா? அதட்டப்பட்ட பிள்ளை கேள்வியை மறந்துவிட மாட்டான். கொட்டகைக்கு எடுத்துச் செல்வான். அங்கே அவனுக்கு விடை சொல்லப் பலர் காத்திருக்கின்றனர். அவர்களைப் பழிக்குமுன், அவன் முதலில் கேட்டது நம்மிடமே என்பதை நினைவில் கொள்வோம்.