புகையைப் பார்த்தா ஜாதகம் தெரியும்!

அமெரிக்கப் புறநகரில் வீடு வாங்கினால் கூடவே அரை ஏக்கர் புல்லும் வரும். புல் உங்களுக்குச் சொந்தம் என்று பத்திரம் சொல்லும். ஒரு கோடை கழிந்தால்தான் நீங்கள் புல்லுக்குச் சொந்தம் என்பது புரியும். வெட்டாமல் விட்டால் பல ஊர்களில் அபராதமே உண்டு, சார்!

1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்ற மனிதர், கம்பளித் துணியின் பிசிறு வெட்டும் மெஷினைப் பார்த்து 'இதையே புல்லுக்கும் வெச்சா என்ன?' என்று யோசித்ததில் ஆரம்பித்தது வினை. இன்றைக்கு மேலே ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்து ஓட்டுகிறார்கள்.

ஜம்மென்று போய்க்கொண்டிருந்த அந்த வண்டி 'டக்'கென்று நின்றுவிட்டது. திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஒன்று அசைய மறுக்கும், இல்லாவிட்டால் குபுகுபுவென்று புகை. உடனே 'இன்ஜின் போச்சு' என்று ஒப்பாரி வைக்க வேண்டாம்.

முதல் காரியம், சாவியை எடுத்துவிட்டு ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றுங்கள். பிளேடு, புல்லுக்கும் விரலுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை.

அசையவே இல்லையா? ஆறினதும் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால், சிலிண்டருக்குள் ஆயிலோ பெட்ரோலோ தேங்கி பிஸ்டனை மறித்திருக்கலாம். பிளக் ஓட்டை வழியே வெளியே வந்துவிடும். அப்போதும் அசையாவிட்டால், ஆயில் இல்லாமல் ஓடி பிஸ்டன் பிடித்துக்கொண்டிருக்கலாம். கெட்ட சேதிதான்.

புகை என்றால் நிறம் பாருங்கள். கறுப்பு என்றால் பெட்ரோல் ஜாஸ்தி, காற்று கம்மி. ஏர் ஃபில்டரையும் சோக்கையும் கவனித்தால் பெரும்பாலும் தீர்ந்தது. நீலம் கலந்த வெள்ளை என்றால் ஆயில் எரிகிறது. டிப்ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். மட்டம் ஏறி பெட்ரோல் வாடை அடிக்கிறதா? கார்புரேட்டரின் ஊசி வால்வு சரியாக மூடாமல் பெட்ரோல் கீழே இறங்கியிருக்கும். அந்த ஆயிலோடு ஓட்டவே கூடாது. உள்ளே வழவழப்பு போய்த் தேய்மானம், போதாததற்குத் தீ அபாயம். ஆயிலை மட்டும் மாற்றி ஊசியை விட்டுவிட்டால் மறுபடி அதே கதைதான்.

வாடை இல்லை, மட்டமும் சரி, ஆனாலும் நீலப் புகையா? ஹெட் காஸ்கெட் மேல் சந்தேகப்படுங்கள். அது விட்டுப்போனால் சிலிண்டரின் அழுத்தம் கிராங்க் கேஸுக்குள் புகுந்து, ஆயிலை மூச்சுக் குழாய் வழியாகக் கார்புரேட்டருக்குத் தள்ளிவிடும். 'பிஸ்டன் ரிங் தேஞ்சாலும் இப்படித்தானே புகையும்?' என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் ரிங் பொதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். காஸ்கெட் நேற்று வரை நன்றாக இருந்து இன்று திடீரென்று கிழியும். சிலிண்டருக்குள் காற்றடித்து எங்கே கசிகிறது என்று கேட்கும் டெஸ்ட் ஒன்று உண்டு. மெக்கானிக் அதைச் செய்யாமலே 'இன்ஜினை மாத்திடலாம்' என்றால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

காஸ்கெட் சில டாலர் சமாசாரம். புது இன்ஜின் விலையைக் கேட்டால் உங்கள் காதிலிருந்தே புகை வரும். அதற்கு டிப்ஸ்டிக் கிடையாது!