சயானுக்கு ஒரு வரலாற்று மன்றம்

மும்பையில் சயான் தொடர்வண்டி நிலையத்திற்குக் கிழக்கே ஒரு சிறு குன்று உள்ளது. அதன் அடிவாரத்தில் பூங்கா. உச்சியில் சிதைந்த கோட்டை. விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வருவோரும், மாலையில் காற்று வாங்க வருவோரும் நாள்தோறும் அக்குன்றில் ஏறி இறங்குகின்றனர். அக்கோட்டையை யார் கட்டினார், யாருக்கு அஞ்சிக் கட்டினார் என்று கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே.

ஜெரால்ட் ஆஞ்சியர் பம்பாயின் ஆளுநராக இருந்த 1669 முதல் 1677 வரையான காலத்தில் அக்கோட்டை எழுந்தது. அப்போது பரேல் தீவு ஆங்கிலேயர் வசம் இருந்தது. வடக்கே இருந்த சாஷ்டித் தீவு போர்த்துக்கீசியர் வசம் இருந்தது. இரண்டுக்கும் நடுவே காவல் நின்றது சயான். ‘சீவ்’ என்னும் மராத்திச் சொல்லுக்கு எல்லை என்பது பொருள். அச்சொல்லே ஆங்கிலேயர் நாவில் சயான் என்று திரிந்தது. சற்றுத் தள்ளித் தாராவியில் மற்றொரு கோட்டை உண்டு. ஆளுநர் ஹார்ன் ஆணையால் 1737இல் கட்டப்பட்டது என்று அதிலுள்ள கல்வெட்டு கூறுகிறது. மக்கள் அதனைக் ‘காலா கில்லா’, அதாவது கறுப்புக் கோட்டை, என்பர். காலா கில்லா பேருந்துப் பணிமனையை அறியாத தாராவிவாசி இல்லை. கோட்டையைக் கண்டவர் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி.

இந்தியத் தொல்லியல் துறையின் மும்பை வட்ட அலுவலகம் சயான் கோட்டைக் குன்றிலேயே இயங்குகிறது. ஆகவே, கற்களைக் காப்பதற்கு ஆள் உண்டு. அக்கற்களைச் சுற்றி வாழ்ந்த மக்களின் கதையைத் திரட்டவும் எடுத்துரைக்கவும்தான் ஓர் அமைப்பு வேண்டியிருக்கிறது. சயான், மாதுங்கா, தாராவி, செம்பூர் வாழ் தமிழர் அதில் முன்கை எடுக்க வேண்டும்.

இது தமிழர்க்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். எல்லையாக இருந்த ஊர் வாயிலாக மாறிய கதையில் தமிழர்க்கும் பங்கு உண்டு. 1853 ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தானே நோக்கிப் புறப்பட்ட இந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி இவ்வழியேதான் சென்றது. 1896இல் பிளேக் நோய் நகரை உலுக்கியது. அதன் விளைவாக 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை, நெரிசலைக் குறைக்க தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் மனைகளை வகுத்தது. அலுவலகப் பணிக்கு வந்த தென்னிந்தியர் அம்மனைகளில் எழுந்த வீடுகளில் குடியேறினர். தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இல் தோன்றியது. சண்முகானந்த சபை 1952இல் உருவாயிற்று. இவை பலரும் அறிந்தவை. விழா மலர்களில் அச்சேறியவை.

அச்சேறாத பகுதி ஒன்று உண்டு. நெல்லைச் சீமையிலிருந்து வந்து தாராவியில் தோல் பதனிட்டவர்களின் வாழ்வே அது. சுண்ணாம்புத் தொட்டியில் தோலை ஊறவைத்து, மயிர் நீக்கி, பட்டைச் சாற்றில் பதப்படுத்திய அவ்வுழைப்பு இந்நகரின் செல்வத்தில் சேர்ந்தது. தாராவியின் பெரிய பள்ளிவாசல் 1887இலும், கணேசர் கோவில் 1913இலும் தோன்றியவை. பாந்திராவிலிருந்த இறைச்சிக்கூடம் 1971இல் தேவனாருக்கு மாறிய பின்னர், தோல் பதனிடும் தொழில் தாராவியில் தேய்ந்தது. அத்தொழில் செய்த பாட்டனாரைப் பற்றிப் பேரர்கள் வெளியே பேசத் தயங்குவதும் உண்டு. அத்தயக்கத்திற்குக் காரணம் அவர்கள் அல்லர். உழைப்பைத் தாழ்வென்று கருதிய சமூகமே. சுண்ணாம்பில் வெந்த கைகளின் கதையை விழா மலர்கள் சொல்லாவிடில், வேறொருவர் சொல்லியாக வேண்டும்.

மும்பைத் தமிழர்க்கு விழாக்கள் குறைவு என்று எவரும் கூற இயலாது. தைத்திங்களில் தாராவியின் தொண்ணூறடிச் சாலையில் பெண்கள் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கலிடும் காட்சி கண்கொள்ளாதது. பட்டிமன்றமும் கவியரங்கமும் இன்னிசையும் ஆண்டு முழுவதும் நடைபெறுகின்றன. ஆயினும், இவற்றுள் பெரும்பாலானவை விட்டு வந்த ஊரை நினைவுகூர்பவை. நிற்கும் ஊரைப் பற்றிய நிகழ்ச்சி அவற்றுள் அரிது. மூன்று தலைமுறையாகச் சயானில் வாழும் குடும்பத்தின் பிள்ளை, தன் ஊர் எதுவென்று கேட்டால் தான் பார்த்தறியாத ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்கிறது. அதில் தவறில்லை, ஆனால் அது பாதி விடை.

தாய்த் தமிழகம் இவ்வகையில் நல்ல எடுத்துக்காட்டுகளைத் தந்துள்ளது. 1639 ஆகஸ்டு 22ஐ நகரின் பிறந்த நாளாகக் கொண்டு, 2004 முதல் சென்னையில் உரைகளும் கண்காட்சிகளும் நடைகளும் நிகழ்கின்றன. இராமநாதபுரம் மாவட்டத்துத் திருப்புல்லாணியில், அரசுப் பள்ளியின் தொன்மைப் பாதுகாப்பு மன்ற மாணவர்கள் கல்வெட்டு எழுத்துகளைப் படிக்கப் பயின்றுள்ளனர். இவற்றினும் சயானுக்கு மிகப் பொருந்துவது மதுரையின் ‘பசுமை நடை’. 

மதுரையை அடுத்த யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் எண்ணம் எழுந்தபோது மக்கள் அதனை எதிர்த்தனர். அவ்வேளையில், 2010இல், எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் முன்னின்று இந்நடையைத் தொடங்கினார். ஞாயிறு காலையில் மக்கள் ஒரு குன்றின் அடியில் கூடுவர். பாறைதான் இருக்கை, மேடை கிடையாது. தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோர் சமணர் படுக்கைகளையும் கல்வெட்டுகளையும் எளிய சொற்களில் விளக்குவர். அவ்வூர் மக்களும் உடன் அமர்ந்து கேட்பர். தம் ஆடுகள் மேயும் பாறையில் ஈராயிரம் ஆண்டுப் பழமையான தமிழ் எழுத்து உண்டென்று அறிந்த ஒருவர், மறுநாள் அப்பாறையைப் பழைய கண்ணால் பார்க்க மாட்டார். பசுமை நடை சென்ற ஊர்களுள் அரிட்டாபட்டியும் ஒன்று. அவ்வூர் 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கான ஏலம் விடப்பட்டபோது, அங்குள்ள மக்கள் தம் குடைவரைக் கோவிலையும் கல்வெட்டையும் சான்று காட்டி வாதிட்டனர். 2025 சனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. அவ்வெற்றி மக்கள் போராட்டத்தின் பயன்; நடையின் பயன் என்று கூறுவது மிகையாகும். எனினும், தம் ஊரின் பழமையை அறிந்தவர் வாயில் வாதம் தெளிவாகப் பிறக்கிறது என்பதை மறுக்க இயலாது.

தாராவிக்கு இன்று அத்தெளிவு தேவை. அதனைப் புதிதாகக் கட்டும் திட்டத்திற்காக 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 சனவரி முதல் நாளுக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போர்க்குத் தாராவிக்குள்ளேயே கட்டணமின்றி வீடு என்பது விதி. ஏனையோர்க்கு வேறு விதிகள். பழைய குடும்ப அட்டையும் மின்கட்டணச் சீட்டும் பள்ளிச் சான்றிதழும் திடீரென வாழ்வைத் தீர்மானிக்கும் ஆவணங்களாகிவிட்டன. தகரப் பெட்டியின் அடியில் கிடக்கும் அத்தாள்களே இவ்வூரின் வரலாற்றுச் சுவடிகளும் ஆகும். சந்துகள் மறைந்த பின்னர் அவற்றின் பெயரைச் சொல்வதற்கும் அவையன்றி வேறு சான்று இராது. திட்டம் நன்றா தீதா என்பதைப் பற்றி ஒரு வரலாற்று மன்றம் தீர்ப்புக் கூற வேண்டியதில்லை. இடிப்பதற்கு முன் எழுதி வைப்பது அதன் கடமை.

அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. இங்கிலாந்தின் சிற்றூர்களில் உள்ளூர் வரலாற்று மன்றங்கள் பொதுக்கூடத்தில் ஒரு மாலை கூடி, பழைய புகைப்படங்களைப் பரப்பி வைத்துத் தேநீருடன் உரையாடுகின்றன. சயானில் தேநீருக்குப் பஞ்சமில்லை. ஒரு ஞாயிறன்று ஒவ்வொரு குடும்பமும் ஒரு பொருளைக் கொண்டுவரலாம்: ஊரிலிருந்து வந்த அஞ்சலட்டை, தோல் சீவும் கத்தி, முதல் சம்பளத்தில் வாங்கிய வானொலிப் பெட்டி, நகராட்சித் தமிழ்ப் பள்ளியின் மதிப்பெண் அட்டை. மாணவர் அதனைப் படமெடுத்து, உரியவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, பொருளை அவரிடமே திருப்பித் தர வேண்டும். பொன்னாடை போர்த்தும் வழக்கத்தை அன்று ஒருநாள் மறந்துவிட்டால், முதியோர் பேசுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் மிஞ்சும்.

நாள் முழுதும் உழைப்பவர்க்கு வரலாறு பேச நேரம் ஏது என்னும் மறுப்பு நியாயமானது. ஆகவேதான் கூட்டம் அவர்கள் இருக்குமிடத்திற்குச் செல்ல வேண்டும். அவர்களைக் குளிரூட்டிய அரங்கிற்கு அழைத்தலாகாது. இதனினும் வலிய மறுப்பு ஒன்றுண்டு. ஊர் வரலாறு பேசத் தொடங்கினால், ‘யார் முதலில் வந்தவர்’ என்னும் போட்டி மூளும் என்பர். அவ்வச்சம் பொய்யன்று. தாராவியில் மீன்பிடித்து வாழ்ந்த கோளியர் எல்லார்க்கும் முன்னவர்; சௌராட்டிரத்துக் குயவர் கும்பர்வாடாவை அமைத்தனர்; நாட்டுப் பிரிவினைக்குப் பின் பஞ்சாபியர் சயான் கோளிவாடாவில் தஞ்சம் புகுந்தனர். தமிழர் மட்டும் கூடித் தமிழர் பெருமை மட்டும் பேசினால் அது வரலாற்று மன்றம் ஆகாது. அழைப்பிதழ் தமிழிலும் மராத்தியிலும் இருத்தல் வேண்டும். ஒருவர் கூறும் செய்திக்குச் சான்று இல்லையெனில், ‘செவிவழிச் செய்தி’ என்று குறித்து வைத்தால் போதும். அதற்காகப் பூசல் வேண்டா.

முதல் கூட்டத்தைத் தீபாவளியை ஒட்டி நடத்தலாம். அந்நாள்களில் மராத்தியச் சிறுவர் குடியிருப்பு முற்றங்களில் மண்ணாலும் கல்லாலும் சிறு கோட்டை எழுப்பி, அதன்மேல் கடுகு விதைத்துப் பசுமை முளைக்கச் செய்து, உச்சியில் சத்திரபதி சிவாஜியின் உருவத்தை அமர்த்துவர். தமிழ்ச் சிறுவரும் மண் குழைக்க உடன் சேர்வது வழக்கம்தான். இம்முறை அவர்கள் எல்லோரும் சேர்ந்து சயான் கோட்டையையும் காலா கில்லாவையும் கட்டட்டும். அக்கோட்டைகளின் உச்சியில் யாரை அமர்த்துவது என்பதையும் அவர்களே பேசி முடிவு செய்யட்டும்.