கதவில் ஒரு கணிதப் பாடம்

சிமெண்டு ஆலைகள் நிறைந்த அரியலூரிலும், திருச்சி–சென்னை நெடுஞ்சாலையிலுள்ள பெரம்பலூரிலும் வண்டிகளுக்குக் குறைவில்லை. அவற்றின் கதவுகளில் வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா?

ஒரு தாளைக் குழாயின் மேல் சுற்றுங்கள், சுருக்கம் விழாது. பந்தின் மேல் சுற்றுங்கள், மடிப்பு விழும். இரு திசைகளிலும் வளைந்த பரப்பில் தட்டையான தாள், நீளாமலோ சுருங்காமலோ படியாது. ஜெர்மன் கணித மேதை காஸ் 1827-இல் நிறுவிய தேற்றம் காட்டும் உண்மை இது. கதவின் கைப்பிடிக் குழியும் அத்தகைய பரப்பே.

வினைல் என்பது பி.வி.சி. பிளாஸ்டிக். சூடான காற்றுப் பட்டால் இளகி நீளும். ஆனால் அதிகமாக இழுத்து ஒட்டினால், அது பழைய அளவுக்குத் திரும்ப முயலும். வெயில் பட்டதும் குழியிலிருந்து எழும்பிவிடும். ஆகவே கைதேர்ந்தவர் அளவோடு இழுத்து ஒட்டி, மறுபடியும் சூடேற்றி, தாளினுள் தங்கிய இழுவிசையைத் தணிக்கிறார்.

இவரை 'வெறும் ஸ்டிக்கர் ஒட்டுபவர்' என்று எண்ணலாமா? கூடாது என்பேன். நம் பள்ளி வடிவியல் பெரும்பாலும் தட்டைத் தாளிலேயே நடக்கிறது. அவருடையதோ வளைந்த இரும்பின் மேல் நடக்கிறது. அடுத்த முறை அக்கடையைக் கடக்கும்போது சற்று நின்று பாருங்கள்; ஐயம் தோன்றினால் அவரிடமே கேளுங்கள்.