பானட்டுக்குப் பொட்டு வைத்தால் போதுமா?

ஆயுத பூஜையன்று திருவொற்றியூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரே காட்சிதான். வண்டியைக் கழுவி வாசலில் நிறுத்தியிருப்பார்கள். வீட்டுப் பெண் பானட்டுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பாள், மாலை கட்டுவாள், கோலம் போடுவாள், சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைப்பாள். அந்தப் பழத்தை நசுக்கி வண்டியை முன்னால் நகர்த்த மட்டும் வீட்டு ஆண் வந்து உட்காருவான். பானட்டுக்குப் பொட்டு வைக்கிற கை அந்த பானட்டைத் திறக்கக் கூடாது. கருவிகளுக்காக ஒரு பண்டிகை கொண்டாடுகிற சமூகம், பாதிப் பேரிடம் கருவியைக் கொடுக்காமலேயே அதைக் கொண்டாடிவிடுகிறது.

நான் திருவொற்றியூரில் குடியிருந்துகொண்டு ராயபுரம் பக்கம் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போகிறவள். பதினோரு வருடமாக, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சின்ன காரை எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டி வாங்கிய புதிதில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நடந்த உரையாடல் இது.

“சார் வரலையா மேடம்?”

“எந்த சார்?”

“உங்க வீட்டு சார். இன்ஜின் மேட்டரு, அவருகிட்ட சொன்னா புரிஞ்சுக்குவாரு.”

“அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது தம்பி.”

“பரவால்ல மேடம், ஒரு ஃபோன் போட்டுக் குடுங்க.”

அந்தத் தம்பி கெட்டவன் இல்லை. வண்டி ஓட்டத் தெரியாத ஆணுக்கும் எஞ்சின் புரியும், பதினோரு வருடம் ஓட்டினாலும் பெண்ணுக்குப் புரியாது என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சொல்லிக்கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியிலிருந்தே தொடங்கலாம். ‘பெண்களுக்குப் பெண்களே பயிற்சி அளிக்கிறோம்’ என்று பலகை மாட்டியிருக்கும். கிளட்ச், கியர், பிரேக் எல்லாம் வரும். பானட் மட்டும் திறக்காது. உரிமம் வாங்கப் போனால் எட்டு போடச் சொல்வார்கள்; டயர் மாற்றச் சொல்ல மாட்டார்கள். 2018இல் அம்மா இருசக்கர வாகனத் திட்டம் வந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம். நல்ல திட்டம். என் மாணவிகளின் அம்மாக்கள் சிலர் அதில் வண்டி வாங்கினார்கள். அந்த வண்டி நின்றுபோனால் முதல் ஃபோன் இன்றைக்கும் மகனுக்குத்தான் போகிறது.

“கை அழுக்காயிடும்மா, நீ தள்ளி நில்லு” என்பது அடுத்த வாதம். காசிமேட்டுக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். ஐஸ் தண்ணீரிலும் செதிலிலும் மீன் குடலிலும் முழங்கை வரை நனைந்து நிற்கும் பெண்களிடம் யாராவது கை அழுக்காகும் என்று சொல்லியிருக்கிறார்களா? கரிபிடித்த சட்டியைத் தேய்க்கும்போது? பிள்ளைக்குக் கால் கழுவிவிடும்போது? கூலி குறைந்த, கூலியே இல்லாத அழுக்கெல்லாம் நமக்கு. அறிவு என்று மதிப்புக் கிடைக்கிற அழுக்கு வந்தால் மட்டும் நம் கைகள் திடீரென்று பூப்போல ஆகிவிடுகின்றன.

மொழிக்காரி என்பதால் இதையும் சொல்லாமல் போக முடியாது. ‘ஸ்டெப்னி’ என்ற சொல்லை நம் சினிமாவும் டீக்கடையும் என்ன அர்த்தத்தில் பயன்படுத்துகின்றன என்று உங்களுக்குத் தெரியும். மறுமணம் செய்த பெண் ‘செகண்ட் ஹேண்ட்’. கல்லூரி வாசலில் ‘புது மாடல்’. ஒர்க்‌ஷாப் வார்த்தைகள் அத்தனையும் நம் உடம்பின்மேல் ஒட்டப்பட்டிருக்கின்றன; ஒர்க்‌ஷாப்புக்குள் மட்டும் நமக்கு இடமில்லை. மாற்றுச் சக்கரத்துக்கு ஸ்டெப்னி என்ற பெயர் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு நிறுவனத்திலிருந்து வந்தது. ஆனால் உதிரிப் பாகம் எடுத்துப்போகும் வழக்கம் நமக்கு அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது. உப்பு வணிகர்கள் மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று வண்டியின் அடியில் கட்டிக்கொண்டு போன சேம அச்சைப் புறநானூற்றின் 102ஆம் பாட்டில் பதிவு செய்தவர் ஔவையார். அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ்வதற்கு அவர் கண்டெடுத்த உவமை அது. வண்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு பெண் குனிந்து பார்த்திருக்கிறாள். நம்பி நிற்கத் தக்க ஆணுக்கு அவள் உவமையாகச் சொன்ன பொருளை, நாம் பெண்ணுக்கு வசைச் சொல்லாக மாற்றி வைத்திருக்கிறோம்.

காரின் வரலாறும் இதற்கு ஒத்துவராது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களைக் கூட்டிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் காரை ஓட்டிப் போனார். உலகின் முதல் நெடும் கார்ப் பயணம் அதுதான் என்பார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தும் ஊசியால் அடைப்பை எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்துத் தைக்கச் சொன்னார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய அசோக் லேலண்டின் ஆலை இதோ எண்ணூரில் இருக்கிறது. அதே நிறுவனம் 2023இல் ஓசூரில் முழுக்கப் பெண்களே வேலை செய்யும் எஞ்சின் உற்பத்திப் பிரிவைத் தொடங்கியது. எஞ்சினையே பூட்டிக் கொடுக்கிற தமிழ்நாட்டுப் பெண்ணிடம், எஞ்சின் ஆயில் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாது என்கிறோம்.

இதில் அப்படி என்ன போய்விடப் போகிறது, காசு கொடுத்தால் மெக்கானிக் பார்க்கிறார் என்று தோழிகள் கேட்கிறார்கள். என்னோடு வேலை பார்த்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். இரவு ஒன்பதரை மணிக்கு எர்ணாவூருக்கு அருகே அவர் வண்டி நின்றுபோனது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும். இரண்டு பக்கமும் டிரெய்லர் லாரிகள். ஒரு மணி நேரம் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். கணவர் வந்தார், மெக்கானிக் வந்தார், பேட்டரி முனையில் பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டி இறுக்கினார், வண்டி கிளம்பியது. ஐந்து நிமிட வேலை. மறுநாளிலிருந்து சாவி கணவரின் சட்டைப் பையில். ‘உன் பாதுகாப்புக்குத்தான்.’ அந்த வருடமே அவர் மாலை நேரப் பகுதிநேர வகுப்பை விட்டார், பிறகு கூட்டங்களுக்கு வருவதை விட்டார். நின்றது வண்டி, நிறுத்தப்பட்டது அவர். உடலைப் பற்றி இருபது வருடம் கவிதை எழுதியிருக்கிறோம், சண்டை போட்டிருக்கிறோம். அந்த உடல் ராத்திரி வீடு வந்து சேர்வதற்கு ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரும் தேவை என்று நாம் எழுதியதில்லை.

ஆகவே இங்கே எழுதுகிறேன். நம் பகுதிக்கென்றே எழுதுகிறேன், ஏனென்றால் கார் கம்பெனிக் கையேடு கடற்கரையையும் சாம்பலையும் அறியாது.

கடல் காற்றின் உப்பு முதலில் தின்பது பேட்டரி முனைகளையும் வண்டியின் அடிப்பாகத்தையும். மாதம் ஒருமுறை பானட்டைத் திறந்து பேட்டரியைப் பாருங்கள். வெள்ளையோ பச்சையோ பூத்திருந்தால், வண்டியை அணைத்துவிட்டு, மைனஸ் முனையை முதலில் கழற்றி, பிறகு பிளஸ்ஸைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் பழைய டூத் பிரஷ் வைத்துத் தேய்த்து, நன்றாகத் துடைத்து உலரவிட்டு, பிளஸ்ஸை முதலில் மாட்டுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வண்டியைக் கழுவும்போது மேலே மட்டும் பளபளப்பாக்காமல் அடியிலும் தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ராயபுரத்தில் மரத்தடியில் கடை வைத்திருந்த ஒரு வயதான பாய். “ரேடியேட்டர்ல போர் தண்ணி ஊத்தாதம்மா. இந்த ஏரியா தண்ணி உப்பு, உள்ள கல்லு கட்டிக்கும்” என்றார். கூலன்ட் டப்பாவின் பக்கத்தில் இரண்டு கோடு இருக்கும்; அளவு அவற்றுக்கு இடையில் இருக்க வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். ஆறட்டும். குக்கர் மூடியை எப்போது திறக்கலாம் என்று தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. எஞ்சின் ஆயிலும் அப்படித்தான். சமதரையில் நிறுத்தி, அணைத்து, சில நிமிடம் பொறுத்து, குச்சியை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுத்தால் இரண்டு குறிகளுக்கு நடுவே ஆயில் நிற்க வேண்டும்.

வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூரும் நம் கூரைமேல் போடுகிற சாம்பல் காரின் மூக்கிலும் அடைகிறது. ஏர் ஃபில்டரை கிளிப்பைக் கழற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் மாற்றுங்கள். கையேடு சொல்லும் கிலோமீட்டர் தூசி குறைந்த ஊருக்கானது. காலையில் கண்ணாடியில் சாம்பல் படிந்திருந்தால் வைப்பரைக் காய்ந்தபடி ஓட்டாதீர்கள், கண்ணாடி கீறும். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓட்டுங்கள். (வைப்பருக்கு 1903இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய மேரி ஆண்டர்சனும் பெண்தான். அதை வாங்க ஒரு கம்பெனியும் முன்வரவில்லை.)

டயருக்கு எவ்வளவு காற்று என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டிய தாளில் இருக்கிறது. காற்றடிக்கும் பையனைக் கேட்காதீர்கள், நீங்கள் சொல்லுங்கள். டயர் சூடாகும் முன் காலையில் பிடியுங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. பள்ளங்களுக்குள் சின்னத் திட்டுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயர் முடிந்தது. கன்டெய்னர் லாரிகள் உதிர்த்துவிட்டுப் போகும் போல்ட்டும் ஆணியும் கிடக்கிற நம் சாலையில் இது அலங்கார அறிவு அல்ல.

வெள்ளம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்க் கழிமுகத்து வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்ததையும், மீனவர்களின் படகும் வலையும் கறுத்துப்போனதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அங்கே இழந்தது வாழ்வாதாரம். காரை அதோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் தண்ணீரில் நின்ற வண்டிக்கு ஒரே ஒரு விதி: ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கையில் சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ‘ஒரு தடவை போட்டுப் பாரேன்’ என்று தெருவில் நான்கு ஆண்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். இன்சூரன்ஸ்காரர் அந்தச் சேதத்துக்குப் பெரும்பாலும் பணம் தர மாட்டார்.

ஒர்க்‌ஷாப்பில் என்ன வேலை, என்ன விலை என்று முன்பே எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டைக் கேட்கத் தொடங்கிய பிறகு என்னிடம் யாரும் சாரைக் கேட்பதில்லை.

கார் வைத்திருக்கிறவளின் பிரச்சினை நடுத்தர வர்க்கப் பிரச்சினை என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பாதி உண்மை. ஆட்டோ ஓட்டும் பெண்ணுக்கும் தவணையில் ஸ்கூட்டி வாங்கியவளுக்கும் இதே ஒர்க்‌ஷாப் இதே பதிலைத்தான் தருகிறது. அவர்களுக்கு ஒரு நாள் வண்டி நின்றால் ஒரு நாள் கூலி போகும். எனக்கு அறிவு கொடுத்த பாய் பள்ளிக்கூடம் தாண்டாதவர். அவருடைய அறிவை அறிவு என்று ஒப்புக்கொள்ளாத பல்கலைக்கழகம்தான் எனக்கு முனைவர் பட்டம் கொடுத்திருக்கிறது. இரண்டு விலக்கலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

சென்ற பருவத்தில் புறநானூறு நடத்திய அன்று, சேம அச்சைச் சொல்லிவிட்டு மாணவிகளை வாகன நிறுத்தத்துக்குக் கூட்டிப்போனேன். ஜாக்கி வைத்து, நட்டைத் தளர்த்தி, ஆறு பேர் சேர்ந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டினார்கள். நாற்பது நிமிடம் ஆனது. காவலாளி அண்ணன் மூன்று முறை உதவிக்கு வந்தார், மூன்று முறையும் திருப்பி அனுப்பினோம். கிரீஸ் போகுமா மேடம் என்று ஒருத்தி உள்ளங்கையை நீட்டினாள். முதலில் தேங்காய் எண்ணெய் தேய், அப்புறம் சோப்பு போடு என்றேன்.