குட்டியைத் தூக்குவது வேலை இல்லை

பால் போத்தலோடு இருக்கிற ஒராங்குட்டான் குட்டியைப் பார்த்தால் யாருக்குத்தான் தூக்க மனம் வராது? காட்டுயிர் பாதுகாப்பில் வேலை செய்ய வேணும் எண்டு எங்களில் பலருக்கு ஆசை வருவதே இப்படியான வீடியோக்களால்தான். ஆசை பிழையில்லை. ஆனால் அந்தக் குட்டி ஏன் மனிதர் கையில் இருக்கு எண்ட கேள்வியில் இருந்துதான் இந்தத் தொழிலைப் பற்றி யோசிக்க வேணும் என்பது எங்கள் கருத்து.

ஒராங்குட்டான் ஏழெட்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் குட்டி போடும். குட்டியும் வருசக்கணக்காகத் தாயோடேயே திரிந்து, எதைத் தின்பது, கூடு எப்படிக் கட்டுவது எண்டு பார்த்துப் பழகும். அதைத் தாய் சும்மா விட்டுக்கொடுக்காது. தனியாகப் பிடிபட்ட குட்டிக்குப் பின்னால் பெரும்பாலும் கொல்லப்பட்ட ஒரு தாய் இருக்கு. மீட்பு நிலையங்களில் தாய் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியதை மனிதர் சொல்லிக்கொடுக்கப் பல வருசம் பிடிக்கும். எங்கட தடிமன், காய்ச்சல்கூட அதுகளுக்குத் தொற்றும். ஆகவே காசு வாங்கிக்கொண்டு "கட்டிப்பிடிக்கலாம் வாங்கோ" எண்டு கூப்பிடுகிற திட்டம் சுற்றுலாதான், பாதுகாப்பு இல்லை.

அப்ப உண்மையான வேலை என்ன?

ஒன்று, எண்ணுவது. ஒராங்குட்டான் அநேகமாக ஒவ்வொரு இரவும் புதுக் கூடு கட்டிப் படுக்கும். ஆய்வாளர்கள் காட்டில் நேர்கோட்டில் நடந்து அந்தக் கூடுகளை எண்ணித்தான் தொகையை மதிப்பிடுகினம். சுமாத்திராவின் பத்தாங் தோரு காட்டில் இருப்பது தனி இனம் எண்டு 2017இல்தான் அறிவித்தார்கள். தபனுலி எண்ட அந்த இனத்தில் மிஞ்சியிருப்பது 800க்கும் குறைவு.

இன்னொன்று, தண்ணீர். 1990களில் நெல் விளைவிக்கவென்று இந்தோனேசிய அரசு மத்திய கலிமந்தானின் கரிச்சேற்றுக் காட்டில் பெரும் கால்வாய்களை வெட்டியது. நெல் சரிவரவில்லை, காய்ந்த கரிமண் 1997இலும் 2015இலும் பற்றி எரிந்தது. இப்ப அந்தக் கால்வாய்களை அணைகட்டி அடைப்பதும் ஒராங்குட்டான் பாதுகாப்புத்தான். அதுக்குப் பொறியியல் தெரிந்தவை வேணும். காணி வரைபடம் போடுகிறவை, வழக்குப் பேசுகிறவை, மிருக வைத்தியர், கணக்குப் பார்க்கிறவை எல்லாரும் வேணும்.

மூன்றாவது, பொறுமை. 2022இல் சுமாத்திராவின் சுவாக் பகுதியில் ராக்குஸ் எண்ட ஆண் ஒராங்குட்டான், மருந்துக்கொடி ஒன்றை மென்று தன் முகக்காயத்தில் பூசியதை ஆய்வாளர்கள் கண்டார்கள். 2024இல் அது உலகச் செய்தியானது. அங்கே 1994இல் இருந்து ஆட்கள் ஒராங்குட்டான்களுக்குப் பின்னால் நடந்துகொண்டிருந்தபடியால்தான் அது கண்ணில் பட்டது.

அப்படி நடக்கிறவர்களில் பலர் அந்தந்த ஊர்ச் சனம். மலேசியாவின் சபா மாநிலத்தில், கினபத்தாங்கான் ஆற்றங்கரைச் சுக்காவ் கிராமத்தில் 1998இல் வேலையைத் தொடங்கிய ஹூத்தான் அமைப்பு ஊராரையே ஆய்வு உதவியாளர்களாகப் பயிற்றுவித்தது. வெளியில் இருந்து போகிற எவரும் அவையின்ர இடத்தைப் பிடிக்கப் போகக்கூடாது. அங்கே இல்லாத ஒரு திறமையைக் கொண்டு போக வேணும்.

ஆகவே ஒரு திட்டத்துக்கு விண்ணப்பிக்க முதல் மூன்று விசயம் கேளுங்கோ. மிருகத்தைத் தொட விடுகினமா? ஊர்ச் சனத்துக்குச் சம்பள வேலை இருக்கா? நாங்கள் வந்தபிறகும் எந்த வேலை தொடரும்? பதில் வரும்வரைக்கும் இங்கேயே பழகலாம். கோடு பிடித்து நடந்து எண்ணுவதும், வரைபடம் போடுவதும், மழையில் நனைந்துகொண்டு குறிப்பெழுதுவதும் வன்னிக் காட்டிலும் ஒரே வேலைதான்.