வாக்குத் திருட்டு: கூச்சல் வேண்டா, சான்று வேண்டும்!

தேர்தல் முடிவு வெளிவந்த மறுநாளே நாட்டில் இரண்டு குரல்கள் எழுவது வழக்கமாகிவிட்டது. தோற்றவன், “வாக்குகளைத் திருடிவிட்டார்கள்” என்கிறான். வென்றவன், “மக்கள் தீர்ப்பை மதியாதவன் பிதற்றுகிறான்” என்கிறான். ஐந்தாண்டு கழித்து வென்றவன் தோற்பான்; தோற்றவன் வெல்வான். அப்பொழுது குரல்கள் இடம் மாறுமேயன்றிச் சொற்கள் மாறா. சென்ற முறை வாக்குப் பொறியைப் பழித்த வாயே, இம்முறை அதே பொறி தந்த வெற்றிக்கு நன்றி கூறும்! இவ்விரு கூச்சலுக்கும் நடுவே, மெய்யாகவே வாக்கைப் பறிகொடுத்த ஏழையின் குரல் எவர் செவியிலும் விழுவதில்லை.

வாக்குத் திருட்டு என்பது கொடுங்குற்றம். அதனாலேயே அதைப் பற்றிய குற்றச்சாட்டு, மேடையில் வீசியெறியும் வெற்றுச் சொல்லாகிவிடக் கூடாது. ஆளுவோர் புறங்கையால் தள்ளிவிடும் குப்பையாகவும் ஆகிவிடக் கூடாது. ஆராயத்தக்க முறையீடு எது, அழுகை எது என்பதைப் பிரித்தறியத் தமிழர் தொலைவு போகவேண்டுவதில்லை. அதியமான் ஆண்ட தகடூர் மண்ணே அதற்குப் பாடமாக நிற்கிறது.

2019 ஏப்பிரல் 18ஆம் நாள் தருமபுரி நாடாளுமன்றத் தொகுதியில் வாக்குப்பதிவு நடந்தது. பாப்பிரெட்டிப்பட்டிப் பகுதியில் நத்தமேடு முதலிய ஊர்களின் சாவடிகளில் முறைகேடு நடந்ததென்று தி.மு.க. வேட்பாளர் தரப்பில் முறையீடு எழுந்தது. தேர்தல் ஆணையம் 8 சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது. மே 19ஆம் நாள் அவ்வூர் மக்கள் மீண்டும் வரிசையில் நின்றனர். அன்று தமிழகத்தில் மறுவாக்குப்பதிவு நடந்த சாவடிகள் 13, அவற்றுள் 8 தருமபுரித் தொகுதிக்குரியவை என்பது தகடூர்க்குப் பெருமையன்று, தலைகுனிவே. எனினும் அத் தலைகுனிவைத் துடைக்கும் வழியும் அங்கேயே காட்டப்பட்டது.

மே 23இல் வாக்குகள் எண்ணப்பட்டபோது, முறையிட்ட தரப்பே 70,753 வாக்கு மிகையில் வென்றது. ஒரு சாவடிக்கு 1,500 பேர் என்று மிகைபடக் கொண்டாலும், 8 சாவடிக்கு 12,000 வாக்கே. அவ்வாக்குகள் அத்தனையும் எப்பக்கம் சாய்ந்திருப்பினும் முடிவு மாறியிராது. “அவ்வாறாயின் மறுவாக்குப்பதிவு வீண்செலவு அன்றோ?” என்று கேட்பான் கணக்கன். அன்று! தேர்தல் என்பது யார் வென்றார் என்பதற்கு மட்டும் உரிய கணக்கன்று. நத்தமேட்டு உழவன் ஒருவன் தன் விரலால் தன் மனத்தைப் பதிந்தானா என்பதற்கும் உரிய கணக்கு.

இன்னொன்றும் இங்கே கருதத்தக்கது. அம்முறையீடு வாக்கு எண்ணுமுன் எழுந்தது. தோல்வி கண்டபின் பிறந்ததன்று. இன்ன ஊர், இன்ன சாவடி என்று இடஞ்சுட்டி எழுந்தது. “நாடெங்கும் மோசடி” என்று காற்றில் கரைந்ததன்று. நாளும் இடமும் சுட்டிய முறையீட்டை ஆராய முடியும். தவறாயின் தள்ளவும் முடியும். இரண்டும் சுட்டாத முறையீடு, திருடனைப் பிடிக்க உதவாது; அவன் ஒளிந்துகொள்ளவே உதவும். எல்லாம் பொய் என்று ஊர் நம்பிவிட்டால், மெய்யான திருட்டைக் கேட்பவன் யார்? வாக்கிடச் செல்பவன்தான் யார்?

கட்சிகளைச் சாடுவதோடு இது முடிவதன்று. சான்று கேட்பவன் சான்றைத் திறந்து வைத்திருத்தல் வேண்டும். ஆணையம் செய்தது என்ன? சாவடியில் நடந்ததைக் காட்ட வல்லது ஆங்குள்ள ஒளிக்கருவிப் பதிவு. 2024 திசம்பர் 20ஆம் நாள், ஆணையத்தின் பரிந்துரையின் மேல் நடுவணரசு தேர்தல் நடத்தை விதிகளின் 93ஆம் விதியைத் திருத்தி, அத்தகைய பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையிடும் வழியை அடைத்தது. 2025 மே 30ஆம் நாள், முடிவு வெளிவந்து 45 நாளுக்குள் வழக்குத் தொடுக்கப்படாவிடின் பதிவுகளை அழித்துவிடலாம் என்று ஆணையம் அறிவுறுத்தியது. தேர்தல் வழக்குத் தொடுக்கச் சட்டம் தரும் காலமும் அதே 45 நாள்தான்! சான்று இன்றி வழக்கில்லை. வழக்கு இன்றேல் சான்றில்லை. இதுவோ முறை?

மக்களின் தனிமறை காக்கவே இவ்வாறு செய்ததாக ஆணையம் கூறுகிறது. எவருக்கு வாக்களித்தார் என்பதே மறை. சாவடிக்கு வந்தார் என்பது மறையன்று. கட்சி முகவர்களின் கண்முன்னேதான் ஒவ்வொருவரும் பெயர் கூறப்பெற்று, விரலில் மை ஏற்று வாக்களிக்கின்றனர். அவர்கள் பார்க்கலாம், அப்பதிவை மக்கள் பார்த்தலாகாதோ?

2025 ஆகத்து 7ஆம் நாள் இராகுல் காந்தி, பெங்களூரின் மகாதேவபுரத்தில் ஓர் இலக்கத்துக்கு மேற்பட்ட போலி வாக்குகள் இருந்தன என்று தாள்களைக் காட்டிக் குற்றஞ்சாட்டினார். ஆணையமோ, “உறுதிமொழியில் ஒப்பமிட்டுத் தருக, இன்றேல் மன்னிப்புக் கேட்க” என்றது. ஒப்பமிடத் தயங்கியது குற்றஞ்சாட்டியவர் குறையே ஆகட்டும். பட்டியலைத் தன் கையில் வைத்திருப்பவன், குறித்த தொகுதியில் வீடுவீடாக ஆராய்ந்து மெய் பொய் கூறுதற்கு எவர் ஒப்பம் வேண்டும்?

வாக்காளர் பட்டியலிலும் இதே நிலைதான். 2025இல் பீகாரில் வரைவுப் பட்டியலினின்று 65 இலக்கம் பெயர்கள் விடுபட்டன. அப்பெயர்களைக் கரணியத்தோடு வெளியிடுக என்று ஆகத்து 14ஆம் நாள் உச்ச முறைமன்றம் ஆணையிட்ட பின்னரே அவை வெளிவந்தன. திசம்பர் 19ஆம் நாள் தமிழக வரைவுப் பட்டியல் வந்தது. 97 இலக்கத்துக்கு மேற்பட்ட பெயர்கள் விடுபட்டிருந்தன. தருமபுரி மாவட்டத்தில் மட்டும் 81,515. இறந்தோர் பெயர் நீங்கவே வேண்டும். இரட்டைப் பெயரும் நீங்கவே வேண்டும். கள்ள வாக்கின் விதை அவையே. ஆனால் தமிழகத்தில் நீக்கப்பட்டவருள் பெரும்பகுதி, ஏறத்தாழ 66 இலக்கம் பேர், குடிபெயர்ந்தோர், முகவரியில் இல்லாதோர் என்று குறிக்கப்பட்டவர். மழை பொய்த்த தருமபுரிச் சிற்றூர்களிலிருந்து திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கூலிக்குச் செல்பவன், கதவு பூட்டியிருந்ததால் ஊரில்லாதவன் ஆகிவிடுவானோ? செத்தவன் பெயரில் வாக்கிடுவது ஒரு களவு என்றால், உயிருள்ளவன் பெயரை ஆராயாது அடிப்பது அதனினும் பெரிய கேடு.

2021இல் பென்னாகரம் தொகுதியின் கோட்டூர் மலைக்கு வாக்குப் பொறிகளைக் கழுதை மேல் ஏற்றிச் சென்றனர். மலையுச்சிச் சிற்றூரானுக்கும் வாக்குண்டு என்று கழுதை முதுகில் பொறியை ஏற்றிய அரசு, அவ்வாக்கிற்குரிய சான்றைக் காட்ட மட்டும் தயங்குவதேன்?

கி.பி. 921இல் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பார்க்க. அது பார்ப்பனர் ஊரவைக்குரிய ஏற்பாடு. அனைவர்க்கும் அங்கு உரிமையில்லை என்பதை மறைக்கவேண்டுவதில்லை. எனினும் ஓலை எடுக்கும் முறையை நோக்குக. எழுத்தறியாச் சிறுவன் ஒருவன் ஓலையை எடுக்க, அதை வாங்குபவன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையில் ஏற்று அவையோர் கேட்கப் படித்தல் வேண்டும். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினனும் ஓலையில் பெயர் இடப்படவே தகார். ஆயிரமாண்டுக்கு முன் விரித்துக் காட்டிய கையை இன்றைய ஆணையம் மூடிக்கொள்வது எற்றுக்கு?

ஆணையத்தை இடித்துரைக்கும் தமிழன் தன் கடமையையும் செய்தல் வேண்டும். வரைவுப் பட்டியலை ஊர் மன்றத்தில் உரக்கப் படித்தல் வேண்டும். ஐயத்துக்குரியவன் சாவடிக்கு வந்தால், முகவர் 2 உருபா கட்டி அங்கேயே எதிர்ப்புரைக்கச் சட்டம் இடந்தருகிறது. தன் வாக்கைப் பிறன் இட்டுவிட்டான் என்று அறிந்தவன் வாளாது திரும்பாமல், 49பி விதிப்படி தனி வாக்குத்தாள் கேட்டுப் பெறல் வேண்டும். அது உடனே எண்ணப்படாதாயினும் வழக்கில் சான்றாக நிற்கும். சாவடி மூடியதும் பதிவான வாக்கின் கணக்கைக் காட்டும் 17சி படிவத்தின் படியை ஒவ்வொரு முகவரும் கைக்கொண்டே திரும்புதல் வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முதலானது ஒன்று. உருபாத்தாளுக்கு வாக்கை விற்றவன், பிறகு அது களவு போயிற்றென்று கூவும் தகுதியை இழந்தவன். விற்காதவனே கேட்கத்தக்கவன். அவன் கேட்கட்டும், ஊர் சுட்டி, நாள் சுட்டி, சான்று காட்டிக் கேட்கட்டும். அவன் கேட்கும்பொழுது ஆணையம் கையை விரித்துக் காட்டியே தீரவேண்டும். விரிக்காத கையை நம்பவேண்டிய கடன் எந்தக் குடிக்கும் இல்லை!