தேங்காய் உடைக்க மட்டும் ஒரு பெண்

கப்பலுக்குப் பெண்பால் போட்டுப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. தமிழில் கப்பல் அஃறிணை. வந்தது, போனது, மூழ்கியது. நாவாய், வங்கம், கலம் என்று எத்தனை பெயர் வைத்தபோதும் நம் இலக்கணம் அதற்குச் சேலை கட்டவில்லை. ஆங்கிலேயக் கடற்படை மரபு கட்டியது. அங்கே கப்பல் ‘அவள்’. அந்த வழக்கம் கப்பலேறி இங்கேயும் வந்துவிட்டது. புதுக் கப்பலின் முதல் ஓட்டத்தை நம் செய்தித்தாள்கள் கூசாமல் ‘கன்னிப் பயணம்’ என்று எழுதுகின்றன. நாற்பதாயிரம் டன் எஃகுக்குக் கன்னிமை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆண்கள் செலுத்துவது, ஆண்கள் அடக்குவது, ஆண்கள் பெருமைப்படுவது எல்லாமே ‘அவள்’ ஆகிவிடும். ஆறும் அப்படித்தான், நிலமும் அப்படித்தான், நாடும் அப்படித்தான்.

சொல்லோடு நின்றிருந்தால் வகுப்பில் பேசிவிட்டு விட்டிருப்பேன். சடங்கும் இருக்கிறது. 2009 ஜூலை 26 அன்று விசாகப்பட்டினத்தில், இந்தியா கட்டிய முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான அரிஹந்த் தண்ணீரில் இறக்கப்பட்டது. அதன் மேல் தேங்காய் உடைத்தவர் அன்றைய பிரதமரின் மனைவி குர்சரண் கௌர். 2013 ஆகஸ்டில் கொச்சியில் விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலை இறக்கிவைத்தவர் அன்றைய பாதுகாப்பு அமைச்சரின் மனைவி எலிசபெத் அந்தோணி. இது நம் நாட்டு வழக்கம் மட்டுமல்ல. உலகின் முதல் அணுசக்தி விமானந்தாங்கியான அமெரிக்காவின் என்டர்பிரைஸுக்கு 1960இல் பெயர் சூட்டியவர் அந்நாட்டுக் கடற்படைச் செயலரின் மனைவி. 1972இல் நிமிட்ஸுக்குப் பெயர் சூட்டியவர் அட்மிரல் நிமிட்ஸின் மகள். மனைவி, மனைவி, மனைவி, மகள். தன் பெயரால் அல்ல, ஓர் ஆணின் உறவால் அங்கே நிற்கிறவர்கள்.

எங்கள் தென்காசிப் பக்கம் கோயில் வாசலில் தேங்காய் உடைக்கப் பெண் கை நீட்டினால் நாலு பேர் முறைப்பார்கள். வீட்டில் ஆம்பிள்ளை இல்லையா என்பார்கள். அதே கையில் அணு உலைக் கப்பலுக்கு மட்டும் தேங்காயைக் கொடுக்கிறார்கள் என்றால், அது நமக்குக் கிடைத்த மதிப்பு என்று நம்புகிற அளவுக்கு நாம் ஏமாளிகள் இல்லை. அழிக்கப் பிறந்த ஒன்றின் மேல் மங்கலம் தடவ ஒரு சுமங்கலி தேவைப்படுகிறாள். அவ்வளவுதான். போரில் கணவனை இழந்த ஒருத்தியை அழைத்து ஒரு போர்க்கப்பலை இறக்கச் சொல்லட்டும். அன்றைக்கு நான் இதை மாற்றி எழுதுகிறேன்.

விதிவிலக்கும் உண்டு. 1961 மார்ச்சில் பெல்ஃபாஸ்டில் பழைய விக்ராந்தைக் கடற்படைப் பணியில் சேர்த்தவர் விஜயலட்சுமி பண்டிட். பிரிட்டனுக்கான இந்தியத் தூதராக, தன் பதவியின் பெயரால் அங்கே நின்றார். அரை நூற்றாண்டு கழிந்து அந்த இடத்தில் மறுபடி மனைவிகள்தான் நிற்கிறார்கள் என்றால், முன்னேற்றம் எப்போதும் முன்னோக்கியே போகும் என்று நம்புகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தேங்காய் உடைத்த பெண் கரையிலேயே நின்றுவிடுவாள். கப்பல் போய்விடும். இதற்கும் நம்மிடம் பழைய விதி ஒன்று இருக்கிறது. பெண்ணோடு கடற்பயணம் செய்யும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியப் பொருளதிகாரம். ஒரு காலத்தின் வழக்கத்தைப் பதிந்துவைத்த நூற்பாவாக அதை நான் கற்பிக்கிறேன். பெண்ணின் இயல்பைச் சொல்லும் வேதவாக்காகப் படிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு செய்தி: 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து ‘தாரிணி’ என்ற பாய்மரப் படகில் வர்த்திகா ஜோஷி தலைமையில் ஆறு பெண் கடற்படை அதிகாரிகள் புறப்பட்டார்கள். உலகைச் சுற்றிவிட்டு 2018 மே மாதம் அதே கரைக்குத் திரும்பினார்கள். காற்று இருந்தது, பாய் இருந்தது, ஆறு பேர் இருந்தார்கள். அணு உலை தேவைப்படவில்லை.

அணு உலைக் கப்பல் என்றதும் மலைத்துப்போக வேண்டியதில்லை. உள்ளே நடப்பது தண்ணீர் கொதிப்பதுதான். யுரேனியம் பிளவுபடும் சூட்டில் தண்ணீர் ஆவியாகிறது, ஆவி சுழலியைச் சுற்றுகிறது, கப்பல் நகர்கிறது. இட்லிக் கொப்பரைக்குள் நடப்பதை நாற்பது வருடம் பார்த்தவளுக்கு ஆவியின் வலுவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வித்தியாசம் என்னவென்றால், நிமிட்ஸ் வகைக் கப்பலில் இருக்கும் இரண்டு உலைகளுக்கும் ஒருமுறை எரிபொருள் இட்டால் ஏறக்குறைய 25 ஆண்டுகளுக்குத் தாங்கும். கப்பலின் ஆயுள் 50 ஆண்டு. இடையில் ஒரே ஒருமுறை அடுப்பைப் பிரித்து மாற்றினால் போதும். நீளம் 330 மீட்டருக்கும் மேல், எடை ஏறக்குறைய ஒரு லட்சம் டன், உள்ளே 5,000 பேர்.

‘யாரையும் நம்பி இல்லாமல் கடலிலேயே இருக்கும்’ என்பதுதான் இந்தக் கப்பலைப் பற்றிச் சொல்லப்படும் பெரிய பெருமை. பாதி பொய். உலை 25 ஆண்டு எரியும். அந்த 5,000 பேரும் மூன்று வேளை சாப்பிட வேண்டுமே. மேலே நிற்கும் விமானங்களுக்கு எண்ணெய் வேண்டுமே. சில நாட்களுக்கு ஒருமுறை வேறு கப்பல்கள் பக்கத்தில் வந்து அரிசியும் மாவும் காயும் எண்ணெயும் ஏற்றிவிட்டுப் போனால்தான் இந்த ‘தன்னிறைவு’ நீடிக்கும். படத்தில் விமானந்தாங்கி மட்டும் இருக்கும், பண்டம் சுமந்து வந்த கப்பல் இருக்காது. இந்தக் கதையை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம். சொந்தக் காலில் நிற்கிற ஆம்பிள்ளை ஒவ்வொருவருக்கும் பின்னால் சோறு வடித்த கை ஒன்று உண்டு. அது படத்தில் விழாது.

2007 ஜூலையில் நிமிட்ஸ் சென்னைக்கு வந்து துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டது. இடதுசாரிக் கட்சிகள் போராடின. கதிரியக்கம் கசியுமா, நம் இறையாண்மை என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே வாக்குவாதம் நடந்தது. இரண்டும் நியாயமான கேள்விகள். நான் தேடிய மூன்றாவது கேள்வி வேறு. கப்பல் கரைக்கு வரும்போது கரையில் இருக்கிற பெண்ணுக்கு என்ன ஆகிறது? பிலிப்பைன்ஸின் சூபிக் விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படை பல பத்தாண்டுகள் தளம் வைத்திருந்தது. அதை ஒட்டிய ஒலோங்கபோ நகரம், கடலிலிருந்து இறங்கும் ஆண்களுக்குப் பெண்ணுடலை விற்றுப் பிழைக்கும் நகரமாக ஆக்கப்பட்டது. 1992இல் கப்பல்கள் போய்விட்டன, தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைகளோடு பெண்கள் அங்கேயே இருந்தார்கள். சிந்தியா என்லோ 1989இலேயே இதைப் புத்தகமாக எழுதிவிட்டார். ராணுவத் தளம் என்பது ஆயுதக் கிடங்கு மட்டுமல்ல, பெண்களைப் பற்றிய ஓர் ஏற்பாடும்தான் என்பது அவர் காட்டிய உண்மை. பாதுகாப்புத் துறை நிபுணர்கள் தொலைக்காட்சியில் அமர்ந்து கப்பலின் நீளம் அகலம் சொல்லும்போது இந்தக் கணக்கு அவர்கள் தாளில் இருப்பதில்லை.

கடல் எங்கள் ஊரிலிருந்து தொலைவு என்று குற்றாலத்துக்காரர்கள் நினைக்கலாம். அருவியில் விழுகிற தண்ணீர் சிற்றாறாகி, தாமிரபரணியில் கலந்து, புன்னக்காயலில் கடலுக்குப் போகிறது. போகட்டும். கடலுக்கு அடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலுக்குக் கட்டளை எங்கிருந்து போகிறது தெரியுமா? திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்திலிருந்து. ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை நிலையம் 1990லிருந்து அங்கே இருக்கிறது. 400 மீட்டருக்கும் மேல் உயர்ந்த கம்பம், தண்ணீருக்குள் ஊடுருவும் மிகத் தாழ்ந்த அலைவரிசை. கயத்தாற்றில் 1799இல் தூக்கிலிடப்பட்டவனின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். அரிஹந்துக்கான உலையை முதலில் தரையில் கட்டிப் பார்த்ததும் தமிழ்நாட்டில்தான், கல்பாக்கத்தில். அந்த உலை எதற்கானது என்பது வெளியில் சொல்லப்பட்டதே 2009இல்தான். தேங்காய் உடைக்கும் வரை ரகசியம்.

கூடங்குளம் மின்சாரத்துக்கான உலை. கல்பாக்கத்து மூலமாதிரி கப்பலுக்கான உலை. இரண்டும் ஒன்றல்ல, ஒன்றென்று நான் சொல்லவும் மாட்டேன். ஆனால் கேள்வி கேட்டவர்களுக்குக் கிடைத்த பதிலைப் பாருங்கள். 2011லிருந்து இடிந்தகரையில் லூர்து மாதா ஆலயத்து முன்பந்தலில் பெண்கள் உட்கார்ந்தார்கள். மீன் விற்றவர்கள், பீடி சுற்றியவர்கள், பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வந்தவர்கள். கழிவை எங்கே வைப்பீர்கள், விபத்து நடந்தால் நாங்கள் எங்கே போவோம் என்று கேட்டார்கள். 2012 செப்டம்பர் 10 அன்று கடற்கரையில் தடியடியும் கண்ணீர்ப்புகையும் வந்தன. ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. படிப்பறிவில்லாத பெண்களை யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்ற பேச்சும் வந்தது. கப்பலை ஆசீர்வதிக்கும்போது பெண் நாட்டின் அன்னை. கேள்வி கேட்கும்போது தூண்டிவிடப்பட்டவள்.

இதற்குள் ஒரு குரல் எழும் என்று தெரியும். இப்போதுதான் பெண்கள் கப்பலில் ஏறிவிட்டார்களே, இன்னும் என்ன புலம்பல்? உண்மை. ஏறிவிட்டார்கள். 2020 மார்ச் 17 அன்று உச்ச நீதிமன்றம் கடற்படையில் பெண்களுக்கு நிரந்தரப் பணி ஆணை தரச் சொன்னது. அந்த வழக்கில் அரசு சொன்ன வாதங்களில் ஒன்று, ரஷ்யாவில் கட்டப்பட்ட கப்பல்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பது. கடலுக்கடியில் அணு உலையை ஓட்டத் தெரிந்த நாட்டுக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் போடத் தெரியவில்லை. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2022 செப்டம்பரில் பணியில் சேர்ந்த புதிய விக்ராந்தில் பெண்களுக்கும் இடம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். 2023 மார்ச்சில் ஒடிசாவின் சில்காவில் பயிற்சி முடித்த முதல் அக்னிவீர் அணியில் 273 பெண்கள் இருந்தார்கள்.

எனக்கு இங்கேதான் வேலை கடினம். என் வகுப்பில் அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தென்காசி, கடையநல்லூர், ஆலங்குளம் பக்கத்துப் பிள்ளைகள். அம்மா மடியில் தட்டை வைத்துக்கொண்டு நாளைக்கு ஆயிரம் பீடி சுற்றுகிறாள். கழித்துத் தள்ளியது போகக் கையில் வருவதில்தான் இவள் கல்லூரிக் கட்டணம் வந்தது. அவளிடம் போய், போர் ஆணாதிக்கத்தின் உச்சம், அதனால் நீ கடற்படைக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவள் நான். சீருடையும் ஊதியமும் ஊரைவிட்டு வெளியேறும் வழியும் அவளுக்கு வேண்டும். வேண்டும்தான். எங்கள் மண்ணின் குற்றாலக் குறவஞ்சியில் நாடெல்லாம் நடந்து, குறி சொல்லிச் சம்பாதித்து வருகிற சிங்கியிடம், இந்த நகையெல்லாம் ஏது என்று விசாரிக்கிறான் சிங்கன். வெளியே போய் வந்த பெண்ணை ஊர் விசாரிக்கும் குரல் இன்னும் அதே குரல்தான். அந்தக் குரலோடு என் குரலைச் சேர்க்க மாட்டேன்.

ஆனால் அவளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமலும் இருக்க மாட்டேன். அக்னிபத் திட்டத்தில் பணி நான்கு ஆண்டு. அதன் பிறகு நூற்றில் இருபத்தைந்து பேர் வரைதான் தொடர முடியும். மற்றவர்கள் கையில் ஒரு தொகையோடு, ஓய்வூதியம் இல்லாமல், வீடு திரும்ப வேண்டும். இருபத்து மூன்று வயதில் திரும்பி வருகிறவளுக்கு ஊர் முதலில் என்ன பார்க்கும்? மாப்பிள்ளை பார்க்கும். விடுதலை என்று விளம்பரப் பலகையில் எழுதியிருப்பதற்குக் கீழே இந்தச் சிறிய எழுத்தும் இருக்கிறது. கப்பலில் இடம் கிடைப்பது ஒன்று. அந்தக் கப்பல் எதற்கு, எங்கே, யார்மேல் என்று முடிவுசெய்யும் மேசையில் இடம் கிடைப்பது வேறு. முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைப் பற்றிப் பேசாதே என்பதுதான் இப்போது நடக்கிற பேரம்.

1971 டிசம்பரில் நிக்சன் என்டர்பிரைஸை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினாரே, அப்படி இன்னொன்று வந்தால் என்ன செய்வாய் என்பார்கள். நானும் அதைத்தான் கேட்கிறேன். எட்டு உலைகளோடு அந்தக் கப்பல் வந்தது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் போர் முடிந்தது. கப்பலால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் அதே ஒன்பது மாதங்களில் கிழக்கு வங்காளப் பெண்கள்மேல் நடந்த கூட்டு வன்முறையை எந்த நாட்டின் எந்தக் கப்பலும் தடுக்கவில்லை. போருக்குப் பின் அவர்களுக்கு ‘பீராங்கனா’, வீராங்கனை, என்று பட்டம் கொடுத்தார்கள். பட்டம் பெற்றவர்களைப் பல வீடுகள் திரும்பச் சேர்க்கவில்லை. பாதுகாப்பு என்ற சொல்லை உச்சரிக்கும்போது யாருடைய உடல் அதற்குள் இருக்கிறது, யாருடையது வெளியே நிற்கிறது என்று கேட்க நமக்கு இந்த வரலாறு போதும்.

விக்ராந்துக்கு ஆன செலவு ஏறக்குறைய 20,000 கோடி ரூபாய். அதில் அணு உலை இல்லை, எரிவாயுச் சுழலிகள்தான். அணுசக்தியில் ஓடும் அமெரிக்காவின் ஜெரால்ட் ஃபோர்டுக்கு ஆனது 1,300 கோடி டாலர். அடுத்த இந்திய விமானந்தாங்கியை அணுசக்தியில் ஓட்டலாமா என்ற பேச்சும் பல ஆண்டுகளாக வந்து போகிறது. நாளை அது முடிவானால், முடிவுக்கு முன்னால் நமக்குச் சில பதில்கள் வேண்டும். ஐம்பது ஆண்டு கழித்து அந்த உலையை எங்கே புதைப்பீர்கள்? அந்த ஊரின் பெண்களிடம் கேட்பீர்களா, அல்லது தடியோடு வருவீர்களா? ரகசியம் என்று சொல்லி எத்தனை கேள்விகளை மூடுவீர்கள்?

நாட்டுப் பாதுகாப்பு பெரியவர்கள் விஷயம், நமக்கென்ன என்று ஒதுங்குகிற பழக்கத்தை நம் வகுப்பறைகளிலிருந்து முதலில் துரத்த வேண்டும். பட்ஜெட்டைப் பெண்கள் படிக்க வேண்டும். வீட்டுக் கணக்கு எழுதத் தெரிந்தவளுக்கு நாட்டுக் கணக்கு புரியாமல் போகாது. கப்பலை ‘அது’ என்றே எழுதுவோம். அது ஒரு பொருள். கட்டியவர்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்தவர்கள் இருக்கிறார்கள், காசு கொடுத்தவர்களில் பாதிப் பேர் பெண்கள். இனி எந்தப் பெண் கையிலாவது தேங்காயைக் கொடுத்தால், உடைப்பதற்கு முன்னால் இது எதற்கு என்று அவள் கேட்கட்டும். பதில் வரும் வரை தேங்காய் கையிலேயே இருக்கட்டும்.